கொள்ளிக்கு வந்த மகன்

சடையனைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வரும். ஆள் நல்லவன்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். குமாரபாளையத்தில் நூல் மூட்டையும் துணிப் பொதியும் ஏற்றிச் சேலத்துக்கு வண்டி ஓட்டிய எங்கள் கூட்டத்தில் மாட்டை அடிக்காமல் ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். ஆனால் யாராவது கொஞ்சம் ஆசை காட்டினால் போதும், தன் புத்தியைக் கழற்றி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவான். மேட்டூர் அணை கட்டி முடிந்த வருஷம் அப்படித்தான், சொந்த அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, ஊர் பேர் தெரியாத ஒரு பணக்காரருக்குக் கொள்ளி வைக்கப் போய் உட்கார்ந்தான்.

அவன் அப்பன் பெயர் ஆண்டி. அடுத்தவர் தோட்டத்தில் கவலை இறைக்கிற வேலை. எருது இரண்டையும் சரிவில் இறக்கிக் கிணற்றுத் தண்ணீரைத் தோல்பறியில் மேலே இழுக்க வேண்டும், பிறகு மாட்டைப் பின்னாலேயே மேட்டுக்கு ஏற்ற வேண்டும், மறுபடி இறக்க வேண்டும். விடிந்ததிலிருந்து வெயில் ஏறுகிறவரை மாட்டோடு மாடாக ஏறி இறங்கியே கிழவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ராத்திரி வலியில் முனகுவார், காலையில் மறுபடியும் போய் வடத்தைப் பிடிப்பார். சடையனுக்கு அம்மா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி அப்பன் காலைத் தேய்த்துவிட்டு, "இவியள எப்படியாச்சும் உக்கார வெச்சுச் சோறு போடோணும்" என்று எங்களிடம் புலம்புவான். அவன் உயிர் முழுவதும் அந்த ஒரு நினைப்பிலேதான் இருந்தது.

அந்த நினைப்பை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான் சுப்பையன். மாட்டுத் தரகன். கிழட்டு மாட்டின் பல்லை ராவி இளங்காளை என்று விற்கிற கை அவனுடையது. அவன் வாயால் யார் நல்லா இருந்தார்கள்? ஒருநாள் வண்டிப்பேட்டையில் சடையனின் தாடையைப் பிடித்து, மாட்டைப் பார்ப்பது போல அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"ஏண்டா சடையா, நாமகிரிப்பேட்டைப் பக்கம் காளியண்ணக் கவுண்டரைத் தெரியுமா? நான் அவிய ஊட்டுக்கு மாடு புடிச்சுக் குடுக்கறவன். அவருக்கு ஒரே பையன், சின்னுசாமி. மீசை மொளைக்கறதுக்கு முந்தியே அப்பங்கிட்ட அடி வாங்கிட்டு ஓடிப்போயிட்டான். கண்டிச் சீமைக்குப் போனான்னு சொல்றாங்க, இன்னி வரைக்கும் ஒரு தாக்கல் தகவல் இல்லை. அதே மூக்குடா உனக்கு. அதே காது."

"அதுக்கு நான் என்ன பண்ணோணுங்க?"

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். அங்க போயி நில்லு. கவுண்டருக்குக் கையும் காலும் விழுந்து, வாயும் பேச வராமக் கெடக்காரு. இந்த வருசம் தாண்ட மாட்டாரு. தோட்டம், கரும்பாலை, அத்தனையும் மகனுக்குத்தான். ஆளுக்குப் பாதி."

"பாவமில்லீங்களா?"

"உங்கப்பன் இந்த வயசுல மாட்டுப் பின்னால ஓடறாரே, அது பாவமில்லையா?"

அந்த இடத்தில் காலில் இருந்ததைக் கழற்றி அடித்திருக்க வேண்டாமா? இந்த மடையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அப்புறம் என்ன, சுப்பையன் வேலையை ஆரம்பித்துவிட்டான். சின்னுசாமிக்குச் சின்ன வயதில் கரும்புப் பாகு தெறித்து இடது முழங்கையில் ஒரு தழும்பு உண்டாம். மாட்டுக்குச் சூடு வைக்கிற கம்பியைக் காய்ச்சி அதே இடத்தில் இழுத்தான் பாவி. புண் ஆறித் தழும்பு கெட்டிப்படக் கோடை முழுவதும் ஆயிற்று. எங்களிடம் வண்டி அச்சு சுட்டுவிட்டது என்று சொன்னான் சடையன், நாங்களும் நம்பினோம். அந்த வீட்டு நிலம், மாடு, செத்துப்போன அம்மாவின் பெயர், குலசாமி கோயில் எல்லாவற்றையும் சுப்பையன் சொல்லச் சொல்ல இவன் மனப்பாடம் செய்தான். அப்பனிடம், "திருச்சிப் பக்கம் வண்டி வேலை கெடைச்சிருக்குதுங்க, போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

கவுண்டர் வீட்டில் இருந்தது மகள் செல்லாயி. வெள்ளைச் சேலை கட்டியவள். புருஷன் செத்த பிறகு அப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்து, ஆள்களை வைத்து விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி திரும்பாவிட்டால் தோட்டம் அவள் ஆயுசுக்கும் அவளுடையது. திரும்பினால் தம்பி போடுகிற சோறுதான். ஆனால் அவள் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவனே வந்து நின்றால் சாவிக் கொத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்து அவன் கையில் வைத்துவிட்டுச் சந்தோஷமாக ஒதுங்கியிருப்பாள்.

சடையன் வாசலில் போய் நின்று, "அக்கா, நான் சின்னு" என்றபோது அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அப்போதே திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்ததாகச் சடையன் பிற்பாடு என்னிடம் சொன்னான். பிறகு, "வா, அப்பாரைப் பாரு" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

கட்டிலில் கிடந்த கவுண்டருக்கு ஒரு கை மட்டும் அசையும். "அப்பாரே, சின்னு வந்திருக்கான்" என்றதும் அந்தக் கை மேலே வந்து சடையனின் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்தது பிடித்ததுதான், விடவே இல்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு அழுதார். சுற்றி நின்ற ஊர்ப் பெரியவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெற்றவருக்குத் தெரியாதா பிள்ளையை என்று ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் சந்தேகப்பட்டு வாய் திறந்தால், சொத்துக்காகக் கூடப்பிறந்தவனையே இல்லை என்கிறாள் என்று காறித் துப்புவார்கள். செல்லாயி வாயை மூடிக்கொண்டாள்.

சடையன் அந்த வீட்டில் நெருப்பின்மேல்தான் உட்கார்ந்திருந்தான். யாராவது பழைய கதை பேச வந்தால் பேச்சை மாற்றுவான். தெரியாததைக் கேட்டால் "மறந்துபோச்சுங்க்கா" என்பான். பயத்தில் கவுண்டரின் கட்டிலை விட்டு நகராமல் இருந்தான். பேசாத மனுஷன், எதையும் கேட்க மாட்டார் அல்லவா? சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அவருக்குப் பண்டுவம் செய்ய ஆரம்பித்தான். கழுத்துக்கு அடியில் கை கொடுத்து நோகாமல் புரட்டுவான். கஞ்சியை இழுத்த வாய்ப்பக்கம் விடாமல் மறுபக்கம் ஊட்டுவான். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி முழங்காலில் ஊற்றி உள்ளங்கையால் வட்டமாகத் தேய்ப்பான்.

ஒரு நாள் செல்லாயி கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எங்க சாமி பழகினே?"

"கண்டியில… ஒரு கெழவருக்குப் பண்ணினேனுங்க்கா."

"எந்தக் கெழவருக்கு?"

அவன் கை நின்றுவிட்டது. கிண்ணத்தில் எண்ணெய் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தான். செல்லாயி அடுப்படிக்குத் திரும்பினாள். மீசை முளைக்கும் முன்னே ஓடிப்போய் ஊரார் வீட்டில் வளர்ந்த பையனுக்கு வருகிற கை இல்லை அது, இவனுக்கு எங்கேயோ ஒரு அப்பன் இருக்கிறான் என்று அவள் மனசில் அப்போதே பட்டுவிட்டது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உண்மையிலேயே தம்பியாக இருந்துவிட்டால் அந்தப் பாவத்தை எந்த ஆற்றில் கழுவுவது? யோசித்து யோசித்து, பண்ணையாள் கந்தனைக் கூப்பிட்டாள்.

"அந்தத் தரகன் சுப்பையன் இவன் வந்ததிலிருந்து நம்ம ஊட்டையே சுத்திட்டிருக்கான். அவனுக்கு எந்நேரமும் குமாரபாளையத்துப் பக்கம்தான் சோலி. அங்க போயி, வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போன மகனைத் தேடிட்டு ஆராச்சும் கெழவரு இருக்காரான்னு கேளு. இருந்தா வண்டியில வெச்சுக் கூட்டிட்டு வா. மகன் விசயம்னு மட்டும் சொல்லு, வேற ஒண்ணும் சொல்லாதே."

கந்தன் திரும்பி வரும் முன்பே, ஒரு விடியலில் கவுண்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரைக்கும் சடையனின் கை அவர் கைக்குள்தான் இருந்தது. அவன் அழுதான். வேஷத்துக்கு அழவில்லை, நிஜமாகவே அழுதான். அதை நான் நம்புகிறேன்.

பொழுது ஏறியது. பறை வந்தது, பாடை கட்டினார்கள். ஊர்ப் பெரியவர் ஒருத்தர், "நாவிதரை வரச் சொல்லுங்க. மகனுக்கு மீசை எடுத்து நீராட்டோணும்" என்றார்.

சடையனுக்கு அப்போதுதான் தலையில் இடி இறங்கியது.

எங்கள் பக்கத்தில் அப்பன் உயிரோடு இருக்கிறவரை எவனும் மீசையில் கத்தி வைக்க மாட்டான். பழனிக்கு மொட்டை போடுகிறவன்கூட மீசையை விட்டுவைப்பான். மீசை இல்லாமல் ஒருத்தன் எதிரே வந்தால், "அப்பாரு எப்பத் தவறினாரு?" என்றுதான் கேட்போம். இருக்கிற அப்பனுக்கு மகன் மீசை எடுத்தால் அந்த அப்பனைப் பாடையில் ஏற்றியதுதான். தழும்பை யோசித்தார்கள், குலசாமியை யோசித்தார்கள், கவுண்டர் சாகத்தான் போகிறார் என்பதும் தெரியும். செத்தால் மகன் மீசை எடுக்க வேண்டும் என்பது இந்த இரண்டு அறிவாளிகளில் ஒருத்தனுக்குமா தோன்றாமல் போகும்! எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வைக்கோல் போருக்குப் பின்னால் சடையன் சுப்பையனின் துண்டைப் பிடித்து இழுத்தான்.

"என்னால முடியாதுங்க. எங்கப்பனுக்கு ஆகாது."

"மசுருதானடா, மொளைச்சுக்கும்."

"எங்கப்பன் மொளைக்க மாட்டாருங்க."

"வெளிய தடியோட நிக்கறவங்களைப் பாத்தியா? இப்ப முடியாதுன்னு சொன்னா உன்னையும் அந்தப் பாடையிலயே சேத்துக் கட்டிருவாங்க. ஒரு நிமிசம் கண்ணை மூடிட்டு உக்காரு. பொறவு உங்கப்பன் ஆயுசுக்கும் உக்காந்து திம்பாரு."

அந்தக் குடும்பத்து வழக்கப்படி பாடை கிளம்பும் முன்பே, வாசலை ஒட்டிய கிணற்றடியில், எல்லார் முன்னிலையிலும் மீசை எடுப்பார்கள். சடையனைக் கல்லின்மேல் உட்கார வைத்தார்கள். நாவிதர் கத்தியைத் தீட்டத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துத்தான் கந்தனின் வண்டி வந்து நின்றது.

வண்டியிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் சடையன் கல்லிலிருந்து பாதி எழுந்தான், நாவிதர் தோளைப் பிடித்து அமுக்கினார். அவன் அப்பன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கூட்டத்தையும் பாடையையும் பார்த்து மலங்க மலங்க விழித்தார். செல்லாயி அவரைக் கைத்தாங்கலாகக் கிணற்றடிக்கு அழைத்து வந்தாள்.

"பெரியவரே, ஊரார் முன்னால கேக்கறேனுங்க. இங்க உக்காந்திருக்கறவரு ஆருன்னு உங்களுக்குத் தெரியுதுங்களா?"

பறை நின்றுவிட்டது. ஆண்டி மகனைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். தடியோடு நின்ற ஆள்களையும், அவர்களுக்குப் பின்னால் முகம் வெளுத்து நின்ற சுப்பையனையும் பார்த்தார். எழுத்து வாசனை இல்லாத மனுஷன்தான், ஆனால் நடந்தது என்ன என்று அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஆமாம், என் மகன் என்று சொன்னால் அடுத்த நிமிஷம் மகன் இருக்க மாட்டான் என்பதும் புரிந்தது.

"தெரியலீங்க சாமி," என்றார். "நல்லாப் பாத்துட்டேன். என்ற மவன் இவரில்லீங்க. அவன் இன்னும் கறுப்புங்க."

கூட்டம் செல்லாயியின் பக்கம் திரும்பியது. "ஏனம்மிணி, பெத்தவரு பொணமாக் கெடக்கையில செய்யற வேலையா இது? சொத்து கண்ணை மறைக்குதாக்கும்?" என்று பெரியவர் சீறினார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செல்லாயி கூனிக்குறுகிப் போனாள். நாவிதர் தண்ணீரைத் தொட்டு சடையனின் மீசையை நனைத்தார்.

பிழைத்துவிட்டான். இனி அவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், அத்தனையும் அவனுடையது.

அப்போது ஆண்டி முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

வேறொன்றும் செய்யவில்லை, சும்மா திரும்பினார். வாய் பொய் சொல்லிவிட்டது, ஆனால் தான் நிற்கும்போதே மகன் மீசை போவதை அந்தக் கண்ணால் பார்க்க முடியவில்லை. கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தலைகுனிந்து நின்ற செல்லாயி மட்டும் கவனித்தாள்.

"ஏனுங்க பெரியவரே, எதுக்குத் திரும்பிக்கிட்டீங்க?"

"வெயிலுங்க சாமி. கண்ணு கூசுது."

"முன்னாடி வெயிலு உங்க முதுகுலதானுங்க அடிச்சது. இப்பத்தான் வெயிலைப் பாத்து நிக்கறீங்க." அவள் ஓரடி முன்னால் வந்தாள். "உங்க மகன் இல்லையின்னா உங்களுக்கு என்னங்க? இப்படித் திரும்பிப் பாருங்க. நாவிதரே, எடுங்க."

கிழவர் மெதுவாகத் திரும்பினார். மகனைக் காப்பாற்ற வேண்டும், பார்த்துத்தான் ஆக வேண்டும். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார். நாவிதர் கத்தியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். இடது பக்கத்து மீசை சடையனின் மடியில் விழுந்தது. ஆண்டி இமைக்கவில்லை. கண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு இறங்கித் தாடியில் வழிந்தது.

கத்தி வலது பக்கத்துக்கு வந்தபோது சடையன் அதை அப்படியே கையால் பிடித்துவிட்டான். உள்ளங்கை அறுபட்டு ரத்தம் சொட்டியது.

"வேண்டாமுங்க. எங்கப்பன் உசுரோட இருக்காருங்க. அதோ நிக்கறாருங்க."

"பொய்யிங்க!" என்று கத்தினார் ஆண்டி. "எனக்கு மவனே இல்லீங்க! அவன் பொய் சொல்றானுங்க, நம்பாதீங்க சாமி!"

சடையன் எழுந்து போய் அவர் காலில் விழுந்தான். அப்போதும் கிழவர், "ஆருப்பா நீ, உடுப்பா, உடுப்பா" என்று காலை உதறிக்கொண்டே இருந்தார். உதறிக்கொண்டே அவன் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார், அடி விழுந்தால் தன் கைமேல் விழட்டும் என்று.

தடிகள் எழுந்தன. சுப்பையன் எந்தச் சந்தில் புகுந்து ஓடினான் என்று யாருக்கும் தெரியாது, அந்தப் பக்கத்துச் சந்தைகளில் அதற்கப்புறம் அவனைப் பார்த்தவர்களே இல்லை. செல்லாயிதான் குறுக்கே வந்து நின்றாள்.

"ஆரும் கை வெக்கக் கூடாது. எங்கப்பாரு இன்னும் வாசல்ல கெடக்காரு."

சடையனிடம் குனிந்து சொன்னாள்: "எங்கப்பாரு மகன் வந்துட்டான்னு நெனச்சுட்டுத்தான் கண்ணை மூடினாரு. அதுக்காக உன்னைய உசுரோட உடறேன். ஆனா ஒண்ணு. என்ற தம்பியை ஒருக்காத் தொலைச்சு அழுது முடிச்சிருந்தேன். நீ வந்து மறுக்காவும் தொலைக்க வெச்சுட்டே. நீ நல்லா இருக்க மாட்டேன்னு சொல்ல வாய் வருது, உங்கப்பன் மூஞ்சிக்காகச் சொல்லாம உடறேன். போயிரு."

தூரத்துப் பங்காளி ஒருத்தர் கவுண்டருக்குக் கொள்ளி வைத்தார். தோட்டம் செல்லாயியிடமே இருந்தது.

அப்பனும் மகனும் நடந்தே ஊர் திரும்பினார்கள். ஒரு பக்கம் மீசை, ஒரு பக்கம் மொழுக்கு. ராசிபுரத்துச் சந்தையில் பெண்கள் அவனைப் பார்த்துச் சிரித்து, தலைக்கூடையைத் தவறவிட்டார்கள். மிச்சத்தையும் வழித்துவிடுகிறேன், காசு வேண்டாம் என்றார் மரத்தடி நாவிதர் ஒருத்தர். சடையன் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு ஓடினான். கிழவர் திரும்பியே பார்க்காமல் நொண்டி நொண்டி முன்னால் நடந்தார்.

சங்ககிரி மலை தெரிகிற இடத்தில் அவருக்கு முழங்கால் நின்றுவிட்டது. ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தார்.

"எதுக்குடா போனே?" என்று அப்போதுதான் கேட்டார்.

"உங்களை உக்கார வெச்சுச் சோறு போடோணும்னுதானுங்கப்பா."

கிழவர் அவனுடைய அரை மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் உக்காந்து திங்கோணும்னா, மொதல்ல நான் சாகோணுமாக்கும்?"

சடையன் அவருக்குத் தோளைக் கொடுத்து எழுப்பினான். ஊர் வந்து சேர்ந்ததும் வண்டி வேலைக்கு வரமாட்டேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் அப்பன் கையிலிருந்த வடத்தைப் பிடுங்கிக்கொண்டு, அவர் ஏறி இறங்கிய அதே தோட்டத்தில் தானே கவலை இறைக்கப் போனான். எங்களோடு ஓட்டிக்கொண்டிருந்தால் நாலு ஊர் பார்த்திருப்பான், நாங்கள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கிழவர் கிணற்று மேட்டில் நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டு, மாட்டை ஓட்டத் தெரியவில்லை என்று மகனைத் திட்டிக்கொண்டே வெகுகாலம் உயிரோடு சோறு தின்றார்.